யார் வீட்டுக் கழுதை? – புளியங்குடியில் ஸ்கோலிமோவ்ஸ்கி

யெர்ஸி ஸ்கோலிமோவ்ஸ்கிக்கு உலகம் பூராவும் விழா எடுத்து முடித்தாகிவிட்டது. 2016ல் வெனிஸ் திரைப்பட விழா வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தைக் கொடுத்தது. 2022ல் அவருடைய கழுதைப் படம் 'ஈயோ' கான் விழாவில் நடுவர் பரிசைப் பங்கு போட்டுக்கொண்டது. 2023ல் லண்டனில் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் அவர் படங்களை வரிசையாகப் போட்டுப் பின்னோக்கு விழா நடத்தியது. மனுசர் 1938ல் போலந்தில் பிறந்தவர். அப்பாவை நாஜிகள் கொன்றார்கள். குத்துச்சண்டை போட்டார், கவிதை எழுதினார், லோட்ஸ் ஊர்ச் சினிமாப் பள்ளியில் படித்தார். ஸ்டாலின் படத்துக்கு இரண்டு ஜோடிக் கண் வைத்துக் காட்டிய 'கையைத் தூக்கு' படத்தை 1967ல் அரசு தடை செய்தது. ஆள் நாட்டை விட்டே போனார். கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்தார் என்பதற்காக மேற்கத்திய முதலாளியத்துக்குச் சாமரம் வீசியவரும் இல்லை. கலகக்காரர் என்று சொல்ல எல்லாத் தகுதியும் உண்டு.

லண்டன் விழாவுக்கு வைத்த தலைப்பில் 'வெளியாட்கள்' என்ற அர்த்தம் வருகிற ஒரு சொல் இருந்தது. வெளியாள் என்றதும் நமக்குக் காது நிமிர்கிறது. ஊருக்கு வெளியே என்பது நமக்கு உவமை இல்லை, முகவரி. ஆகவே இந்த வெளியாட்களை நம்ம வெளியாட்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, நாலு சனிக்கிழமை ராத்திரி, புளியங்குடியில் எங்கள் தெரு மொட்டை மாடி ஒன்றில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, கடன் வாங்கிய ப்ரொஜக்டரில் படம் போட்டோம். எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், கேரளாவுக்குப் பெயிண்டிங் வேலைக்குப் போய் வருகிற பையன்கள், கல்லூரிப் பிள்ளைகள், முள் கிழித்த கையோடு எலுமிச்சை பறித்துவிட்டு வந்த பெண்கள் என்று முப்பது நாற்பது பேர். எழுத்து இங்கிலீஷில் ஓடும். அதைத் தமிழில் உரக்கச் சொல்கிற வேலை என்னுடையது. இந்த வேலைதான் பிற்பாடு எனக்கு வினையாக வந்தது.

முதல் சனிக்கிழமை 'மூன்லைட்டிங்' (1982). கதை எளிது. 1981 டிசம்பரில் போலந்திலிருந்து நாலு பேர் டூரிஸ்ட் விசாவில் லண்டனுக்கு வருகிறார்கள். சுற்றிப் பார்க்க இல்லை. போலந்து முதலாளி ஒருத்தனின் லண்டன் வீட்டை இடித்துப் பூசிக் கொடுக்க. அங்கத்துக் கூலியில் பாதிகூட ஆகாது, அதனால் திருட்டு வேலை. நாலு பேரில் நோவாக் என்கிற மேஸ்திரிக்கு மட்டும்தான் இங்கிலீஷ் தெரியும். டிசம்பர் 13ல் போலந்தில் ராணுவச் சட்டம் வருகிறது, தொழிற்சங்கத்தை நசுக்குகிறார்கள், டெலிபோன் அறுந்து போகிறது. நோவாக்குக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற மூன்று பேருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்கிறான். சொன்னால் வேலை நின்றுபோகும். காசு தீர்ந்துபோக, கடைகளில் திருடித்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறான். கடிகாரத்தைத் திருத்தி வைத்து அதிக நேரம் வேலை வாங்கவும் செய்கிறான்.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டியது, படம் முழுக்க நோவாக்கின் மனக்குரல் இங்கிலீஷில் ஓடுகிறது; மற்ற மூன்று பேரும் போலிஷில் பேசுவதற்கு மொழிபெயர்ப்பே கிடையாது. பார்க்கிறவனும் மேஸ்திரியோடு சேர்ந்துகொண்டுதான் அந்த மூன்று பேரையும் ஏமாற்ற வேண்டியிருக்கிறது. மேட்டுக்குடி விமர்சகர்கள் இதைப் போலந்து அரசைப் பற்றிய உருவகம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சேதியை மறைக்கிற நோவாக்தான் சர்வாதிகாரி என்று. சரிதான். ஆனால் எங்கள் மாடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உருவகம் எதுவும் தேவைப்படவில்லை. பாதிப் படத்திலேயே ஒரு அக்கா கேட்டுவிட்டார்: "அவன் சொல்லவே மாட்டானா?" பக்கத்திலிருந்து பதில் வந்தது: "சொன்னா வேல நின்னு போவும்லா."

படம் முடிந்ததும் சித்தப்பா பேசினார். 1991ல் கேரளாவில் கொத்து வேலை. ஊரில் அவருடைய அம்மா தவறிப்போன சேதி மேஸ்திரிக்குப் போனில் வந்திருக்கிறது. மறுநாள் கான்கிரீட். இவர் போய்விட்டால் கூடவே அஞ்சு பேர் கிளம்பிவிடுவார்கள். மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. "கான்கிரீட் எல்லாம் போட்டு, கைகால் கழுவி, கூலியையும் எண்ணிக் குடுத்துட்டுத்தான் சொன்னான். வந்து குழிமேட்டத்தான் பாத்தேன். அவன் ஒண்ணும் மேல்சாதிக்காரன் இல்ல, நம்ம சொக்காரந்தான். நல்லவன்தான். அன்னிக்கு ராத்திரி எனக்கு மீன் வாங்கிப் போட்டான். அந்த மீனத் தின்னுட்டு நல்லாத் தூங்கிட்டேன், அதான் இன்னிக்கும் ஆறல."

நோவாக்கும் நல்லவன்தான். தன் ஆட்களுக்காகத் திருடுகிறான். கடைசியில் விமான நிலையத்துக்குப் போகக் காசில்லாமல், கடைத் தள்ளுவண்டியில் சாமான்களைப் போட்டுத் தள்ளிக்கொண்டு ராத்திரி நடக்கிறபோது உண்மையைச் சொல்கிறான். மூன்று பேரும் அவனை அடிக்கிறார்கள். மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒரே பேச்சு அந்த அடி. இதை எங்கள் மாடியில் கைதட்டிப் பார்த்தார்கள். கைதட்டு அடங்கியதும் சித்தப்பா என்னைப் பார்த்து, "நீயும் இங்க இங்கிலீஷ் தெரிஞ்ச மேஸ்திரிதான. எதையெல்லாம் சொல்லாம விட்டியோ" என்றார். எல்லாரும் சிரித்தோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் இடித்துக் கட்டுகிற அந்த வீடு ஸ்கோலிமோவ்ஸ்கியின் சொந்த லண்டன் வீடு. கலகக்காரருக்கும் மராமத்து உண்டு. அதை அவர் மறைக்கவில்லை என்பதால்தான் இந்தப் படத்தில் பொய் இல்லை.

இரண்டாவது வாரம் 'அன்னாவோடு நாலு ராத்திரி' (2008). லியோன் என்கிறவன் ஆஸ்பத்திரிச் சுடுகூடத்தில் வேலை பார்க்கிறான். வெட்டி எடுத்த கைகாலை எரிக்கிற வேலை. ஒரு பலாத்காரத்தைப் பார்த்துவிட்டவனையே குற்றவாளி என்று உள்ளே தள்ளுகிறார்கள். இது வரைக்கும் எங்களுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாட்சி சொல்லப் போனவனைத் தூக்கி உள்ளே போடுகிற போலீஸ் போலந்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஆனால் வெளியே வந்த லியோன், அந்தப் பெண்ணுக்கு மயக்க மருந்து கலந்து கொடுத்துத் தூங்க வைத்து, ராத்திரி அவள் வீட்டுக்குள் நுழைந்து, பட்டன் தைத்து, தரை துடைத்து, கால் நகத்துக்குச் சாயம் பூசுகிறான். ஆம்பளைகள் எல்லாம் 'பாவம்' என்றார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, "தூங்குதவகிட்ட யாரு கேட்டா?" என்றாள். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. ஒடுக்கப்பட்டவன் என்பதற்காகவே அவனுடைய ஆசை புனிதமாகிவிடாது. இதை நம் எழுத்துக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம் விழாக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற 'ஈயோ'. கழுதை கத்துகிற சத்தம்தான் பெயர். 1966ல் வந்த பிரெஸ்ஸோனின் 'பல்தசார்' படத்திலிருந்து பிறந்தது. சர்க்கஸில் கசாண்ட்ரா என்ற பெண்ணோடு வேலை செய்த கழுதையை, மிருகவதைக்கு எதிரானவர்கள் குரல் கொடுக்க, சர்க்கஸிலிருந்து பிரித்து விடுதலை செய்கிறார்கள். விடுதலையான நாளிலிருந்து அதற்குச் சீரழிவு. குதிரை லாயம், காடு, கால்பந்து மைதானம். தோற்ற கூட்டத்து ரவுடிகள், ஜெயித்தவன் கொண்டாடிய கழுதை என்று அதை அடித்துக் குற்றுயிராக்குகிறார்கள். கடைசியில் மாடுகளோடு மாடாகக் கசாப்புக் கூடத்துக்குள் போகிறது. ஆறு கழுதைகளை வைத்து எடுத்திருக்கிறார். சிவப்பு வெளிச்சமும், தலைகீழாக ஓடும் ஆறும், அந்தக் கண்ணும்… கண்ணைக் காட்டிக் காட்டியே ஒன்றரை மணி நேரம் கட்டிப் போடுகிறார். எண்பது வயதைத் தாண்டியவர் எடுத்த படம் என்று நம்ப முடியாது. இதையெல்லாம் மறுக்கவில்லை.

ஒரு இடம். லாரியில் கழுதையை ஏற்றிக்கொண்டு போகிறான் ஒரு டிரைவர். ராத்திரி வண்டியை நிறுத்துகிற இடத்தில் பசியோடு ஒரு கறுப்பினப் பெண். சாப்பிடக் கொடுக்கிறான். கூடவே படுக்கக் கூப்பிடுகிறான், விளையாட்டுப் போல. அவள் எழுந்து ஓடிவிடுகிறாள். பிறகு அந்த டிரைவரின் கழுத்தை எவனோ அறுத்துவிட்டுப் போகிறான். அந்தப் பெண் யார், எந்த நாட்டிலிருந்து எதைக் கடந்து வந்தாள், ஓடி எங்கே போனாள்? படத்துக்கு அக்கறையில்லை. கேமரா கழுதையோடு நின்றுகொள்கிறது. நானும் அதே காரியத்தைச் செய்தேன். பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்று அந்த ரெண்டு வரியை மட்டும் தமிழில் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். "சாப்பிடக் கூப்பிட்டான், பயந்து ஓடிட்டா" என்று மழுப்பினேன். முந்தின வாரம் கேள்வி கேட்ட பெண்ணுக்கு இங்கிலீஷ் தெரியும். "அவ பயந்து ஓடல அண்ணே. அவன் கேட்டதக் கேட்டுட்டு ஓடுதா. நீங்க ஏன் மாத்திச் சொன்னீங்க?" சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்தார்.

விவாதம் ஓய்ந்தது என்று நினைத்தபோது பின்வரிசையிலிருந்து பெயிண்டிங் வேலைக்குப் போகிற தம்பி ஒருத்தன் பேசினான். அவன் புதிரை வண்ணார் வீட்டுப் பையன். நம் தெருவுக்குத் துணி வெளுத்த குடும்பத்துப் பேரன். "எங்க தாத்தா கழுத வச்சிருந்தாவ. கழுத இப்படித் தனியா ஊரெல்லாம் பாத்துக்கிட்டுத் திரியாது. அது தாத்தாவத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். இந்தப் படத்துல கழுதைக்குப் பேரு இருக்கு. எங்க ஆச்சிக்கு உங்க தெருவுல பேரு இருந்துச்சா?"

இந்தக் கேள்வி ஸ்கோலிமோவ்ஸ்கியைப் பார்த்துக் கேட்டதா, எங்களைப் பார்த்துக் கேட்டதா என்று நான் ரொம்ப நேரம் பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரிக்க முடியாது.

தமிழ்நாட்டில் கழுதை வெறும் மிருகம் இல்லை. அதன் முதுகில் ஒரு ஊரின் அழுக்கு இருக்கிறது. புதிரை வண்ணாரின் கழுதை முதுகில் நம்முடைய அழுக்கு. பிள்ளை பெற்ற துணி, மாத விலக்குத் துணி, சாவு வீட்டுத் துணி. ஊர் நம்மைத் தீண்டாது. நாமோ நம் தீட்டைக் கழுவ ஒரு சாதியை நமக்குக் கீழே வைத்துக்கொண்டோம். சாயங்காலம் அந்த ஆச்சி சட்டியோடு வந்து வாசலுக்கு எட்ட நின்று குரல் கொடுப்பார். என் ஆச்சி பழைய சோற்றைக் கை படாமல் மேலேயிருந்து சட்டியில் கொட்டுவாள். மேல்தெருக்காரன் டீக்கடையில் நமக்குத் தண்ணீர் ஊற்றுகிற அதே உயரத்திலிருந்து. சின்னப் பையனான நான் அந்த ஆச்சியை 'வா, போ' என்றுதான் பேசினேன். யாரும் என்னை அதட்டியதில்லை.

1932 டிசம்பர் 24ந் தேதி இந்து பத்திரிகையில் வந்த ஒரு செய்தியை அம்பேத்கர் எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். திருநெல்வேலி ஜில்லாவில் காணத் தகாதவர்கள் என்று ஒரு பிரிவு உண்டு. பகலில் அவர்கள் வெளியே வரக் கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு. தீண்டப்படாதவர்களின் துணியை நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் நடுவில் வெளுக்கிறவர்கள். பேசுவதற்காகக் கூப்பிட்டபோது வீட்டை விட்டு வெளியே வர வைப்பதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. ஜில்லா நம்முடையது. சினிமா என்பது பார்க்கிற கலை. பார்க்கவே கூடாதவர்களைப் பற்றி அந்தக் கலைக்கு என்ன தெரியும் என்பதுதான் இந்த நாலு ராத்திரியும் எனக்குள் ஓடிய கேள்வி.

"நம்ம ஆளுக கழுதப் படம் எடுக்கலயா?" என்று கேட்டதால் நாலாவது வாரம் ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை' (1977). நம் பக்கத்துக் கலகக்காரர். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம். 1989ல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாகச் சொல்லிவிட்டுப் பிறகு பயந்து நிறுத்தியது. அவருக்கும் பின்னோக்கு விழாக்கள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. பிற்பாடு 'ஒடேஸா' இயக்கத்தில் ஊர் ஊராக மக்களிடம் காசு திரட்டி 1986ல் 'அம்ம அறியான்' எடுத்தவர் அவர். அந்த மரியாதையில் ஒரு குன்றிமணி குறைக்கவில்லை. ஆனால் கழுதைப் படத்தில் என்ன நடக்கிறது? நாராயணசாமி என்ற பிராமணப் பேராசிரியர் தாயை இழந்த கழுதைக் குட்டியை எடுத்து வளர்க்கிறார். அக்ரகாரத்துக்குக் கொண்டுபோய், சின்னா என்ற வேலைக்காரப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். சின்னா ஊமை. ஊரில் நடக்கிற கெட்டதெல்லாம் கழுதையால் என்று சொல்லி அக்ரகாரம் அதைக் கொல்கிறது. அப்புறம் அற்புதங்கள் நடப்பதாக நம்பி, கொன்ற கழுதைக்கே கோயில் கட்டப் பார்க்கிறது. எல்லாம் தீயில் போகிறது.

பிராமணியத்தைக் கேலி செய்வதில் இதைவிடக் கூர்மையான தமிழ்ப் படம் குறைவு. ஆனால் கழுதையை வளர்க்கிற பேராசிரியரும் பிராமணர், கேலிக்குள்ளாகிறவரும் பிராமணர். குற்றவுணர்வு, திருந்தல், சாபம் எல்லாமே அக்ரகாரத்துக்குள்ளேயே சுற்றி வருகிற பண்டம். கழுதைக்குச் சோறு வைத்துக் குளிப்பாட்டுகிற சின்னாவுக்கு நாக்கு இல்லை. ஏன் ஊமை? அடித்தள மக்களின் குரலின்மையைக் காட்டும் குறியீடாம். குறியீடாக இருக்கிற வரைக்கும் அவள் பேச வேண்டியதில்லை அல்லவா? கழுதை, அதை வைத்துப் பிழைக்கிற சாதியைத் தொலைத்துவிட்டு அனாதையாக அக்ரகாரத்துக்கு வந்து சேர்கிறது. வண்ணானோடு கழுதை வந்திருந்தால் பேராசிரியர் அந்த வண்ணானை எங்கே உட்கார வைத்திருப்பார்? அந்தப் படத்தை எடுக்க வேறு தைரியம் வேண்டும்.

நம் ஆள் எடுத்ததைப் பார்ப்போம். மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021). எல்லாரும் தியேட்டரிலேயே பார்த்தது, மாடியில் போடவில்லை. அவர் தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்துக்காரர், புளியங்குடி இல்லை. ஆனால் அந்தப் பஸ் எங்கள் பஸ். 1995 ஜூலையில் பக்கத்து வீரசிகாமணியில் ஒரு பஸ் தகராறில் பற்றிய தீ இந்தச் சீமை முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் 31ல் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. அந்த ரணத்தின் மேல் நின்றுதான் கர்ணனின் பொடியங்குளம் பேசுகிறது. முன்னங்கால் ரெண்டும் கட்டப்பட்ட ஒரு கழுதை படம் முழுக்கத் தத்தித் தத்தி நடக்கிறது. கர்ணன் அந்தக் கட்டை உடைத்து விடுகிறான். கழுதை மேட்டில் ஏறுகிறது. பிரெஸ்ஸோன் கழுதையும் ஸ்கோலிமோவ்ஸ்கி கழுதையும் அக்ரகாரத்துக் கழுதையும் செத்துத்தான் மற்றவர்களின் மனசாட்சியைத் தட்டுகின்றன. கர்ணன் கழுதை சாகவில்லை. கட்டு அறுந்து நடக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே ஆயிரம் பின்னோக்கு விழா நடத்தலாம்.

இருந்தும் பின்வரிசைத் தம்பி விடவில்லை. "அந்தக் கழுத யாரு வீட்டுது?" பொடியங்குளத்தில் கழுதை இருக்கிறது, அதைக் கட்டிப் போட்ட கயிறு இருக்கிறது, வண்ணார் குடும்பம் இல்லை. அந்த ஊரின் அழுக்குத் துணியை யார் வெளுத்தார்கள்? லீனா மணிமேகலையின் 'மாடத்தி' (2019) அந்தக் குடும்பத்தையே நடுவில் வைத்தது என்று சொன்னேன். யாரும் வரும் சத்தம் கேட்டால் புதருக்குள் ஒளிகிற தாயும் மகளும். துணிச்சலான படம். ஆனால் அங்கேயும் அந்தப் பெண்ணைச் சிதைத்துக் கொன்ற பிறகுதான் தெய்வமாக்க முடிகிறது. அக்ரகாரம் கழுதைக்குச் செய்ததும் அதுதானே.

1994ல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம் பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது. புதிரை வண்ணார் வீட்டு ஆரோக்கியத்தின் கதை. பறத்தெருவே அவளைச் சுரண்டுகிறது என்று எழுதினால் அது எதிரியின் கையில் கம்பைக் கொடுப்பதாகும், இப்போது அதற்கு நேரமில்லை என்று ஒரு சாரார் சொன்னார்கள். நானும் அந்தச் சாராரோடுதான் நின்றேன். கொடியன்குளம் வந்தபோது, பார்த்தாயா, ஒற்றுமைதான் முக்கியம் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு நான் சொன்னது நோவாக் சொன்னதுதான். வேலை முடியட்டும், சேதியை அப்புறம் சொல்லலாம். ராணுவச் சட்டம் வந்துவிட்டது என்று தெரிந்தால் பூச்சு வேலை நின்றுவிடும். வேலை என்னவோ இன்னும் முடிந்தபாடில்லை. 2009ல் புதிரை வண்ணாருக்கு அரசு நல வாரியம் அமைத்தது. ஆனாலும் சாதிச் சான்றிதழுக்காக அந்தப் பையன் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கியபோது கூடப் போக நம் தெருவிலிருந்து ஒரு ஆள் இல்லை.

ஆகவே ஸ்கோலிமோவ்ஸ்கியைக் கொண்டாடுவதானால் நாம் 'ஈயோ'வைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அது மிருகத்தின் கண்ணால் மனுசனைப் பார்க்கிற படம். பார்த்து முடித்ததும் எல்லா மனுசனும் ஒரே மாதிரிக் கெட்டவனாகத் தெரிகிறான். லாரி டிரைவர், ரவுடி, பிரபு குடும்பத்துச் சீமாட்டி, பசித்த கறுப்புப் பெண் எல்லாம் ஒரே கூட்டம். அந்தப் பொதுப்பழி ஆதிக்கத்தில் இருப்பவனுக்கு ரொம்ப சௌகரியம். 'மூன்லைட்டிங்' அந்தச் சௌகரியத்தைத் தராது. அங்கே மொழி ஒருத்தன் கையில் இருக்கிறது, யார் கையில் என்று தெரிகிறது, அது எப்படிச் சோறாகவும் பொய்யாகவும் மாறுகிறது என்று அணா பைசா கணக்கோடு தெரிகிறது. விழாக்களில் இந்தப் படத்தை ஓரத்தில் வைத்துவிட்டுக் கழுதையை மேடையில் ஏற்றுவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

நாலாவது ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த ஆச்சியின் பெயர் என்ன என்று கேட்டேன். "வண்ணாத்தின்னுதான் கூப்புடுவோம். பேரு என்னமோ" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ பொறந்தப்ப துணி வெளுத்தது அவதான்" என்றாள்.

பேரனிடமே கேட்டேன். சொன்னான். இந்தக் கட்டுரையில் எழுதட்டுமா என்றேன். "உடனே எழுதப் போயிருவியளே. அது எங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றான்.

அஞ்சாவது சனிக்கிழமைக்கு என்ன படம் என்று கேட்டதற்கு, அவன்தான் 'மூன்லைட்டிங்'கை மறுபடி போடச் சொன்னான். வசனத்தை இந்தத் தடவை அந்தக் கல்லூரிப் பெண் சொல்வாள். நான் கீழே பாயில் உட்கார்ந்துகொள்வதாகப் பேச்சு.